சாயத்தண்ணியை வெயிலே சுத்தம் பண்ணிடுமாம்: இந்த ‘நேனோ’ பொடியை நம்பி வாங்கலாமா?

நூல்கழி (அமரபுரம்) – திங்கள் காலை 7:40

எல்லாருக்கும் வணக்கம். கோவில் பள்ளிக்கூடத்துல ஞாயித்துக்கிழமை படிச்ச தமிழ்தான் எனக்கு. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

என் தாய்மாமாவுக்கு மாண்டலே பக்கத்துல இருக்கிற அமரபுரத்துல சின்ன சாயப்பட்டறை. நானும் அங்கதான் நிக்கிறேன். பட்டு, பருத்தி ரெண்டுக்கும் சாயம் போடுவோம். அச்செயிக், அதான் அலை அலையாக் கோடு ஓடுற பர்மாப் பட்டு, அதை நெய்யிற தறிக்காரங்கதான் நமக்கு முக்கால்வாசி வாடிக்கை. அதுக்கு லுந்தயான்னும் பேரு, லுந்தயான்னாலே நூறு நாடான்னு அர்த்தம், தெரிஞ்சிருக்கும். அத்தனை நாடாவுக்கும் நிறத்தை மாத்தி மாத்திக் கேப்பாங்க. அதனால எங்க வாய்க்கால்ல திங்கக்கிழமை கறுப்பு ஓடும், செவ்வாய்க்கிழமை ரோஸ் ஓடும்.

2025 மார்ச் நிலநடுக்கத்துல கழிவுத்தண்ணி நிக்கிற தொட்டி ரெண்டும் பிளந்துபோச்சு. சிமென்ட் ஒட்டுப் போட்டே இதுவரைக்கும் ஓட்டிட்டோம். இனிமே ஓடாது, புதுசாக் கட்டியாகணும். இந்த நேரம் பாத்து ரங்கூன்லேர்ந்து ஒரு ஆள் வந்து, “தொட்டியே வேணாம், நேனோ மிஷின் வைங்க”ங்கிறார். கண்ணாடித் தொட்டியில நீலத்தண்ணி ஊத்தி, வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை போட்டு, ஊதா விளக்கைப் போட்டார். அரை மணி நேரத்துல தண்ணி பச்சைத்தண்ணி மாதிரி ஆயிடுச்சு. மாமா வாயைப் பிளந்துட்டார். “பொடி தீரவே தீராது, சாயமெல்லாம் கரியமில வாயுவும் தண்ணியுமாப் போயிடும்”னு சொல்றார். விலை 38 லட்சம் கியாட். பாதி முன்பணம்.

எங்க கறுப்புத்தண்ணியில செஞ்சு காட்டுங்கன்னு கேட்டேன். விளக்கு சூடாயிடுச்சு, அடுத்த தடவை பாக்கலாம்னு மூட்டை கட்டிட்டார். வாங்கலாமா?

தாம்வே_தம்பி (யாங்கோன்) – திங்கள் 8:05

38 லட்சத்துக்கு வெயில் விக்க வந்திருக்கான். மாண்டலேக்காரன்கிட்டயே!

சயா_ஓய்வு (மாண்டலே) – திங்கள் 9:30

தம்பி, பொடி பொய்யில்லை. சொன்ன விதத்துலதான் பாதி பொய்.

அது டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயின்ட்டுல இருக்கிற அதே சரக்கு, துகள் ரொம்ப ரொம்பப் பொடிசு. 1972-ல ஜப்பான் விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், இதைத் தண்ணிக்குள்ள வச்சு ஒளி பாய்ச்சினா தண்ணி ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாப் பிரியுதுன்னு எழுதினாங்க. கதை அங்கேருந்துதான் சூடு பிடிச்சது.

வேலை நடக்கிற விதம் இது. பொடிக்குள்ள எலக்ட்ரான்கள் கீழ்வரிசையில உக்காந்திருக்கு. 3.2 எலக்ட்ரான் வோல்ட்டாவது சக்தியுள்ள ஒளி வந்து தட்டினா, ஒண்ணு எழுந்து மேல்வரிசைக்குப் போயிடும். கீழே அதோட இடம் காலி. அந்தக் காலி இடம் பக்கத்துத் தண்ணிகிட்டேருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கும். எலக்ட்ரானைப் பறிகொடுத்த தண்ணி, ஹைட்ராக்சில் ராடிகல்னு ஒண்ணா மாறும். அதுதான் வெறிநாய். சாயம், எண்ணெய், கிருமி எது எதிர்ல வந்தாலும் கடிக்கும். ஆனா சங்கிலி கட்டின வெறிநாய். பிறந்த இடத்தை விட்டு எட்ட ஓடாது, அதுக்குள்ள ஆயுசு முடிஞ்சிடும். சாயம்தான் தேடி வந்து பொடிமேல உரசணும். அதுலயும் பெரும்பாலான நேரம் எழுந்துபோன எலக்ட்ரான் திரும்பி வந்து பழைய இடத்துலயே உக்காந்துடும். அப்போ ஒளி வீண், லேசா சூடு மட்டும் மிச்சம்.

வினையூக்கின்னா தான் செலவாகாம வேலையை நடத்தி வைக்கிறது. அதனால “தீராது”ன்னு சொன்னது ஏட்டுக்கணக்குல சரி. நடப்புல பொடிமேல அழுக்கு ஏறும், தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா ஓடியும் போகும்.

3.2 எலக்ட்ரான் வோல்ட்னா அலைநீளம் 388 நானோமீட்டருக்குக் கீழே, புற ஊதா. நம்ம வெயில்ல அது நூத்துக்கு நாலஞ்சு பங்குதான். மீதி வெயில் இந்தப் பொடிக்குக் கண்ணுக்கே தெரியாது.

ஆய்வகப்பூனை (சியாங் மாய்) – திங்கள் 13:12

சயா சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம். நான் இந்த ஒளிவினையூக்கி வேலையிலதான் மேற்படிப்பு படிக்கிறேன், அதனால கொஞ்சம் வாய் நீளும்.

அந்த நீலம் மெதிலீன் நீலமாத்தான் இருக்கும். எங்க ஆய்வகத்துல புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாள் கொடுக்கிறதும் அதுதான், லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைச்சு. பார்க்க அழகா வெளுக்கும். இந்தப் பொடி பூசின பரப்புகளைச் சோதிக்கிற ஐஎஸ்ஓ 10678 முறையில கூட அந்தச் சாயம்தான். ஆனா பிடிவாதமில்லாத சாயம் அது, வெறும் வெளிச்சத்துலயே மெல்ல வெளுக்கும். பொடிமேல ஒட்டிக்கிட்டா, சாயமே ஒளியை வாங்கி எலக்ட்ரானைப் பொடிக்குத் தள்ளிட்டுத் தானா உடையும். அதை வச்சு, “எங்க பொடி சாதாரண வெளிச்சத்துலயே வேலை செய்யுது”ன்னு கட்டுரை எழுதினவங்களும் உண்டு. நானும் முதல் வருஷம் அப்படி ஒரு வரைபடம் போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

உங்க கறுப்புத்தண்ணி வேற சாதி. அவ்வளவு கறுப்புக்குள்ள ஒளி ஒரு விரக்கடை ஆழம் கூடப் போகாது. மேல மிதக்கிற பொடி மட்டும் முழிச்சிருக்கும், கீழே கிடக்கிறதெல்லாம் இருட்டுல தூங்கும். அவர் விளக்கு சூடானதுல ஆச்சரியமே இல்ல.

பகோ_பாண்டி – திங்கள் 19:48

நான் நேராவே சொல்றேன், இது முழு ஏமாத்து. எங்க அத்தை குடும்பம் 64-ல கப்பலேறிப் போய்க் கடைசியில திருப்பூர்ல வேர் விட்டது. நான் அங்கே போய் ஆறு வருஷம் சாயப்பட்டறையில இருந்துட்டு வந்தவன். நொய்யல் ஆறு ஓடினதைப் பாத்ததில்ல, சாயம் ஓடினதைத்தான் பாத்திருக்கேன். ஒரத்துப்பாளையத்துல அணை கட்டினாங்க பாசனத்துக்கு. கடைசியில அதைத் திறந்துவிடாதேன்னு விவசாயிங்களே சண்டை போட்டாங்க, தேங்கி நின்னது அவ்வளவும் சாயக்கழிவு. 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை ஒட்டுமொத்தமா மூடச் சொன்னப்போ நான் அங்கதான் இருந்தேன். மூணு வாரம் விடுதியில சோறு மட்டும் தின்னுட்டுப் படுத்திருந்தோம்.

அங்கே எங்களை அடிச்சது நிறம் இல்ல தம்பி, உப்பு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போட லிட்டருக்கு 50லேருந்து 80 கிராம் உப்பு கொட்டுறோம். சாயமாவது நூத்துக்கு 60, 80 நூல்ல பிடிக்கும், உப்பு ஒரு கிராம் கூடப் பிடிக்காது. அத்தனையும் வாய்க்கால்லதான். எந்த நேனோ வந்தாலும் உப்பை எரிக்க முடியாது, உப்பு ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி. அதை எடுக்க ஆர்ஓ, அதான் உப்பைப் பிரிக்கிற சவ்வு வடிகட்டி, வைக்கணும், மிச்சத்தைக் கொதிக்க வச்சு வத்தவிடணும். திருப்பூர்ல கோடிக்கணக்குல போட்டு அதைத்தான் செய்யிறாங்க. தண்ணி பளிங்கா இருக்குன்னு வயல்ல விட்டா நெல்லு கருகும்.

ஆய்வகப்பூனை – திங்கள் 20:30

பாண்டி அண்ணே, உப்பு விஷயத்துல மறுபேச்சே இல்ல. இன்னும் ஒண்ணு சேத்துச் சொல்றேன். சாயம் பிடிக்கப் போடுற சோடா இருக்கே, அதுல வர்ற கார்பனேட், சயா சொன்ன வெறிநாய்க்கு எலும்புத்துண்டு மாதிரி. சாயத்தைக் கடிக்க வேண்டியது கார்பனேட்டைக் கவ்விட்டு அதோட போயிடும். பைகார்பனேட்டும் கவ்வும். ஆனா கார்பனேட்டை அதைவிட நாற்பது மடங்குக்கு மேல வேகமாக் கவ்வும். சோடாவைப் போக்காத தண்ணியில இந்தப் பொடி பாதி செத்த மாதிரிதான்.

ஆனா “முழு ஏமாத்து”ன்னா ஒத்துக்க மாட்டேன். இடம் தெரிஞ்சு வச்சா வேலை செய்யும். ஸ்பெயின்ல அல்மேரியான்னு ஒரு வறண்ட ஊர், நம்ம மாண்டலே மாதிரி வெயில் காயிற இடம். அங்கே வளைஞ்ச கண்ணாடித் தட்டுங்களுக்கு நடுவுல குழாய் ஓட்டி, வெயிலைக் குவிச்சுப் பல வருஷமா இதைத்தான் சோதிக்கிறாங்க. மத்த சுத்திகரிப்பெல்லாம் முடிஞ்சும் தண்ணியில தங்கிடுற பூச்சிமருந்து, மாத்திரை மிச்சம் மாதிரி, கொஞ்சூண்டு இருந்துக்கிட்டு நகராத விஷத்துக்கு இது நல்ல ஆயுதம். சோறு ஆக்கிற அடுப்பு இல்ல இது, கடைசியில தாளிக்கிற கரண்டி.

தாம்வே_தம்பி – திங்கள் 21:02

அப்போ 38 லட்சம் எதுக்கு? டைட்டானியம் வெள்ளைன்னு எங்க தெரு பெயின்ட் கடையில வீசைக் கணக்குல நிறுத்துத் தர்றான். வாங்கிக் கொட்டினா ஆச்சு.

சயா_ஓய்வு – செவ்வாய் 6:15

ஆகாது. பெயின்ட்டுக்கு வர்ற வெள்ளை பெரும்பாலும் ரூட்டைல் வகை. அதுமேல அலுமினாவோ சிலிக்காவோ மெல்லிசாப் பூசி அனுப்புவான். ஏன்னு கேள். பூசாம விட்டா, வெயில்ல அந்தப் பொடி பெயின்ட்டையே தின்னுடும். பழைய சுவர்ல கை வச்சா சுண்ணாம்பு மாதிரி ஒட்டுமே, அந்தச் சேட்டைக்குப் பின்னால இந்த வெள்ளையும் உண்டு. நமக்கு வேணுங்கிறது அனடேஸ் வகை, பூச்சு இல்லாதது. ஆய்வகத்துல பி25-ன்னு ஒண்ணு பேர் போனது. நாலு பங்கு அனடேஸ், ஒரு பங்கு ரூட்டைல், ஒவ்வொரு துகளும் 20 நானோமீட்டர் சொச்சம். ஒரு கிராமைப் பிரிச்சு விரிச்சா 50 சதுர மீட்டர் பரப்பு வரும்.

அதைக் கையாளுறப்போ மூக்கைக் கட்டிக்கோங்க. மூச்சுல போற டைட்டானியம் தூளை, மனுஷனுக்குப் புற்றுநோய் தரக்கூடும்ங்கிற 2பி வகுப்புல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2006-லயே போட்டிருக்கு. தின்பண்டத்துல வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கிறதை ஐரோப்பாவில 2022-ல நிறுத்திட்டாங்க. தண்ணியில கலந்துட்டா தூசி பறக்காது, கொட்டுற நேரம்தான் கவனம்.

மோல்மீன்_அக்கா – செவ்வாய் 10:20

நடுவுல வர்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு முடோன் பக்கம் கொஞ்சம் ரப்பர். பால் உறைய வச்சு ஷீட் போட்ட பிறகு வர்ற தண்ணி நாத்தம் தாங்கல, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க. அதுக்கு இந்தப் பொடி ஆகுமா?

ஆய்வகப்பூனை – செவ்வாய் 10:41

வேணாம் அக்கா. அதுல புரதமும் சர்க்கரையும் அவ்வளவு இருக்கு, வெறிநாய் கடிச்சுக் கடிச்சுப் பல்லு தேஞ்சிடும். அது நுண்ணுயிருக்கு விருந்துச் சாப்பாடு. மூடின குளத்துல விட்டா எரிவாயுவே எடுக்கலாம், அந்த வாயுவை ஷீட் காய வைக்கிற புகைக்கூண்டுக்கே விடலாம். சாப்பிடக்கூடியதை உயிருக்குக் கொடுங்க. எந்த உயிரும் தொடாததுக்குத்தான் ஒளியும் பொடியும்.

நூல்கழி – வெள்ளி 18:55

நாலு நாளாக் காணோம்னு நினைச்சிருப்பீங்க. மொட்டை மாடியிலதான் இருந்தேன். அந்த ஆள்கிட்ட “சாம்பிள் கொடுங்க, மாமா சரின்னுட்டார்”னு ஒரு பொய் சொல்லி அம்பது கிராம் வாங்கிட்டேன்.

முதல் நாள் பட்டறைக்குள்ளயே வச்சேன். எங்க கூரையில வெளிச்சத்துக்காக நடுவுல நாலு பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கு, நல்லா வெயில் விழும். சாயங்காலம் வரைக்கும் ஒரு மாத்தமும் இல்ல. பூனை அக்காவுக்குத் தனியா எழுதிக் கேட்டேன், சிரிச்சுட்டாங்க. அந்தத் தகடு வெயில்ல வெடிக்காம இருக்கிறதுக்காகப் புற ஊதாவைத் தடுக்கிற மாதிரிதான் செய்யிறாங்களாம். கண்ணுக்கு வெளிச்சம், பொடிக்கு ராத்திரி!

ரெண்டாம் நாள் மாடிக்கு ஏத்தினேன். நாலு எனாமல் தட்டு, தட்டுக்கு ஒரு லிட்டர். மூணு தட்டுல ரோஸ் தண்ணி. ஆசிட் விட்டு சோடாவைப் போக்கின பிறகு வர்ற கடைசி அலசல், லேசான நிறம். நாலாவதுல கறுப்பு முதல் தொட்டித் தண்ணி அப்படியே. பொடி தட்டுக்கு ஒரு கிராம், நகைக்கடைத் தராசு கடன் வாங்கி நிறுத்தேன். ஒரு ரோஸ் தட்டுல பொடி போட்டு வெயில்ல வச்சேன். இன்னொண்ணு பொடி இல்லாம வெயில்ல. மூணாவது பொடி போட்டு, தகர மூடியால மூடிட்டேன். கறுப்புல பொடி போட்டு வெயில். அரை மணிக்கு ஒரு தடவை மூங்கில் குச்சியால கலக்கினேன். அத்தை மாடியில மிளகாய் காய வைக்க இடமில்லைன்னு திட்டினாங்க.

மத்தியானம் ஒரு மணிக்கு, பொடி போட்ட ரோஸ் வெளுத்துடுச்சு. அடிச்சுச் சொல்றேன், நிறமே இல்ல, அரிசி கழுவின தண்ணி மாதிரி இருந்துச்சு. பொடி இல்லாதது சாயங்காலத்துக்குள்ள ஒரு சாயல் குறைஞ்சது. மூடி வச்சதுதான் எனக்குப் புரியல. திறந்து பாத்தா அதுவும் கொஞ்சம் வெளுத்திருக்கு! வெயிலே படாம எப்படி? கறுப்பு கறுப்பாவே இருந்துச்சு. மறுநாளும், அதுக்கு மறுநாளும்.

வேற ரெண்டு விஷயம். தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டுற டிடிஎஸ் மீட்டர் விட்டேன், வெளுத்த தண்ணியில 1,900 இருந்தது 2,100 ஆயிடுச்சு. பொடியும் தெளிய மாட்டேங்குது. பாதி அடியில படிஞ்சது, மீதி பால் மாதிரி நிக்குது. வேட்டித் துணியை நாலா மடிச்சு வடிகட்டினேன், அதுவும் பாலாவே இறங்குது.

சயா_ஓய்வு – வெள்ளி 20:10

சபாஷ். நாப்பது வருஷம் பாடம் நடத்தினேன், மூடி போட்ட தட்டு வைக்கணும்னு தானா யோசிச்ச பையன் ரெண்டு மூணு பேர்தான்.

மூடின தட்டுல அடியில படிஞ்ச பொடியைப் பார். ரோஸா இருக்கும். சாயம் உடையல, பொடிமேல ஒட்டிக்கிச்சு. உமிக்கரி போட்டாலும் கொஞ்சம் அப்படித்தான் ஒட்டும். தண்ணியோட நிறம் குறைஞ்சதுன்னு ஒரு விலைப்பட்டியல்ல எழுதியிருந்தா, உடைஞ்சு குறைஞ்சதா, ஒட்டிக் குறைஞ்சதான்னு கேக்கணும். டிடிஎஸ் ஏறினது உன் தண்ணி வெயில்ல வத்தினதால. பாண்டி சொன்ன உப்பு எங்கேயும் போகல, அங்கேயே குந்தியிருக்கு.

பாலுக்குப் படிகாரம் போடு, கட்டிக்கிட்டு இறங்கும். ஊர்ல தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கல் தண்ணியைத் தெளிய வைப்பாங்களே, அதே வித்தைதான். ஆனா படிகாரத்தோட கட்டி இறங்கின பொடியைத் திரும்ப எடுத்துப் போட முடியாது. “தீரவே தீராது”ங்கிற பேச்சு அங்கேயே முடிஞ்சது. அதுக்குத்தான் பொடியைத் தண்ணியில கலக்காம கண்ணாடிமேல, ஓட்டுமேல சுட்டு ஒட்ட வைக்கிறாங்க. அப்படிச் செஞ்சா தண்ணி தொடுற பரப்பு குறையும், வேகம் குறையும். ஒண்ணைப் பிடிச்சா ஒண்ணு நழுவுது.

பகோ_பாண்டி – வெள்ளி 20:25

ரோஸ் வெளுத்ததை நான் எதிர்பாக்கல. “முழு ஏமாத்து”ன்னு சொன்னதுல பாதியைத் திருப்பி எடுத்துக்கிறேன். உப்புப் பாதியை எடுக்க மாட்டேன்.

ஆய்வகப்பூனை – வெள்ளி 22:00

நூல்கழி, வெளுத்த தண்ணியைக் கொட்டிடாதீங்க. நிறம் போனதும் எல்லாரும் கைதட்டிட்டுப் போயிடுறாங்க, பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

உங்க சாயங்கள்ல பெரும்பாலும் அசோ வகை. நடுவுல ரெண்டு நைட்ரஜன் சேர்ந்த ஒரு பாலம், ரெண்டு பக்கமும் பென்சீன் வளையக் கூட்டம். நிறம் அந்தப் பாலத்தாலதான். உங்க ஊரு உ பெயின் பாலத்துல நடுவுல நாலு பலகையைப் பிடுங்கிட்டா போக்குவரத்து நின்னுடும். ஆனா தூணெல்லாம் ஏரிக்குள்ளேயே நிக்கும் இல்லையா? அதே கதை. பலகை போனா நிறம் போச்சு, தூண் மிச்சம். அந்தத் தூண்கள்ல சிலது அமீன்கள், அதாவது நைட்ரஜன் ஒட்டின துண்டுகள். ஐரோப்பா போற துணியில 22 அமீனுக்குத் தடை இருக்கிறது சும்மா இல்ல. கரியமில வாயு வரைக்கும் முழுசா உடையறதுக்கு, நிறம் போக ஆகுற நேரத்தைவிட எத்தனையோ மடங்கு ஆகும். அதை அளக்க வேற கருவி வேணும், உங்ககிட்ட இருக்காது.

வெங்காயம் இருக்கும் இல்ல? வேர்ப்பக்கம் தண்ணியைத் தொடுற மாதிரி சின்ன வெங்காயத்தைக் கிண்ணத்துமேல உக்கார வைங்க. கிணத்துத்தண்ணி ஒரு வரிசை, வெளுத்தது ஒரு வரிசை. மூணு நாலு நாள்ல வேர் நீளத்தைப் பாருங்க. விளையாட்டு இல்ல, ஆய்வாளர்களே செய்யிற சோதனை இது. உப்பு மட்டுமே வேரைக் குட்டையாக்கும், அதனால கிணத்துத்தண்ணியில உப்பு கரைச்சு டிடிஎஸ் 2,100-க்குக் கொண்டுவந்து மூணாவது வரிசை ஒண்ணும் கட்டாயம்.

டெல்டாக்காரன் – சனி 7:30

எங்க ஊர்க் குழாய்க்கிணத்துல ஆர்சனிக் இருக்குன்னு சிவப்பு பெயின்ட் அடிச்சுட்டுப் போயிட்டாங்க. வெயில்ல வச்சா அது போகுமா?

சயா_ஓய்வு – சனி 8:00

ஆர்சனிக் ஒரு தனிமம், அதை எந்த ஒளியும் உடைக்காது. ஒளியால ஆகக்கூடியது ஒண்ணே ஒண்ணு. நழுவி ஓடுற ஆர்சனிக்-3-ஐ ஆர்சனிக்-5 ஆக்கலாம், அது இரும்புத் துருவோட ஒட்டிக்கிட்டுக் கீழே இறங்கும். பங்களாதேஷ்ல பிளாஸ்டிக் பாட்டில்ல கிணத்துத்தண்ணி ஊத்தி, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, வெயில்ல வச்சுப் பாத்தாங்க. தண்ணியில தானா இருக்கிற இரும்பே வேலை செய்யும். பாதியிலேருந்து முக்கால் வரைக்கும்தான் குறைஞ்சது. உலக சுகாதார நிறுவனத்தோட அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உங்க கிணத்துல 100 இருந்தா, முக்கால் போயும் 25 நிக்கும். சிவப்பு அடிச்ச கிணத்தை விட்டுட்டு மழைத்தண்ணி பிடிங்க, வேற வழி பேசாதீங்க.

நெறியாளர் – சனி 8:20

ஆர்சனிக் பேச்சைத் தனி இழைக்கு நகர்த்துறேன். முக்கியமான விஷயம், சாயத்துக்குள்ள முழுகிடக்கூடாது.

பகோ_பாண்டி – சனி 9:45

கறுப்புக்கு என்ன வழின்னு யாரும் சொல்லலையே. பொடியை விடுங்க. ப்ளீச் பண்ண பெராக்சைடு வச்சிருப்பீங்க, அன்னபேதி, அதான் இரும்பு உப்பு, கடையில கிடைக்கும். ரெண்டையும் சேத்தா கறுப்பும் போகும். திருப்பூர்ல பாத்திருக்கேன்.

சயா_ஓய்வு – சனி 10:30

ஃபென்டன் முறை. 1894-ல ஃபென்டன்ங்கிறவர் கண்டுசொன்னது, நம்ம நேனோவுக்கெல்லாம் பாட்டன். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தா அதே வெறிநாய்தான் பிறக்கும், ஒளிக்குக் காத்திருக்காம. வெயிலும் பட்டா இன்னும் வேகம். ஆனா புளிப்பு பிஎச் 3 பக்கம் இருக்கணும். அதுக்கு ஆசிட், அப்புறம் சுண்ணாம்பு போட்டு நேராக்கணும், துருச்சேறு வாளி வாளியா வரும். அந்தச் சேத்தை எங்கே கொட்டுறதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு ஆரம்பிக்கணும். பெராக்சைடு 35 சதம்னா தோல் வெள்ளையா வெந்துடும், கையுறை, கண்ணாடி இல்லாம தொடாதே. நுரைச்சுப் பொங்கும், மூடின டிரம்முல செய்யவே கூடாது.

நூல்கழி – புதன் 17:20

வெங்காயம் வந்தாச்சு. வரிசைக்கு அஞ்சு.

கிணத்துத்தண்ணியில வேர் ரெண்டு விரக்கடைக்கு மேல, வெள்ளை வெளேர்னு தாடி மாதிரி. உப்புத்தண்ணியில ஒரு விரக்கடையும் கொஞ்சமும். வெளுத்த ரோஸ்ல அரை விரக்கடை கூட இல்ல, நுனி பழுப்பா மழுங்கி இருக்கு. அஞ்சுல ஒண்ணு வேரே விடல. உப்புக்கு மேல இன்னும் என்னமோ அதுல இருக்கு. உடைஞ்ச துண்டா, நான் போட்ட படிகாரமா, மிச்சம் நிக்கிற பொடியா, இதை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு பூனை அக்கா சொல்றாங்க. எனக்கு அது போதும். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி அது. மாமாகிட்ட அந்தத் தட்டையும் வெங்காயத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ரொம்ப நேரம் பாத்தார். 2015-ல தௌங்தமன் ஏரியில மீன் செத்து மிதந்தப்போ இவரும் கரையில நின்னு பாத்தவர். ஒண்ணும் பேசல. போனை எடுத்து அந்த ஆளுக்கு “இப்போதைக்கு வேணாம்”னுட்டார்.

பகோ_பாண்டி – புதன் 18:02

நல்லது. இப்போ தொட்டியைக் கட்டுற விதத்தைக் கேளு. ஒரே வாய்க்கால் வைக்காதே. சாயம் போட்ட முதல் தண்ணி கொஞ்சம்தான் வரும், ஆனா உப்பும் நிறமும் அதுலதான். அலசல் தண்ணி நிறைய வரும், அழுக்கு கொஞ்சம். ரெண்டையும் கலந்துட்டா எல்லாமே கெட்டது. தனித்தனித் தொட்டி கட்டு. திருப்பூர்ல உப்புத்தண்ணியோட நிறத்தை எடுத்துட்டு மறுபடியும் சாயத்தொட்டிக்கே விடுறாங்க. உப்பு வாங்குற செலவும் மிச்சம், வாய்க்காலுக்கும் போகாது.

ஆய்வகப்பூனை – புதன் 18:40

பாண்டி அண்ணே சொன்னதுலதான் நான் தேடின இடம் இருக்கு! வெளியே விடுற தண்ணின்னா உடைஞ்ச துண்டு பத்திக் கவலைப்படணும். திரும்பச் சாயத்துக்கே போற தண்ணின்னா, நிறம் போனாலே பெரும்பகுதி வேலை முடிஞ்சது. கடைசி அலசலை ஓட்டுமேல ஒட்டின பொடிமேல மெல்ல ஓடவிட்டு, அடுத்த அலசலுக்கே எடுத்துக்கலாம். சின்ன அளவுல செஞ்சு பாக்கலாமா? மொட்டை மாடி இருக்கு, வெயில் இருக்கு. பொடி நான் அனுப்புறேன், 38 லட்சம் கேக்க மாட்டேன்.

நூல்கழி – புதன் 21:15

சரி அக்கா, ஆனா மாடியில பாதி அத்தையோட மிளகாய்க்கு. எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க.

ரெண்டு தொட்டிக்கும் நூல் பிடிச்சுக் கோடு போட்டாச்சு. முதல் தண்ணிக்குச் சின்னது, அலசலுக்குப் பெரிசு. கொத்தனார் ஞாயித்துக்கிழமை வர்றார். பாண்டி அண்ணே, அந்த உப்புத்தண்ணியைத் திரும்ப விட்டா வெளிர் நிறம் மங்குமா, இல்ல கறுப்புக்கும் கருநீலத்துக்கும் மட்டும் வச்சுக்கணுமா?

பகோ_பாண்டி – புதன் 21:32

கறுப்புத்தண்ணி கறுப்புக்கே. ரோஸ் பக்கம் கொண்டுபோகாதே, தறிக்காரன் நூலைத் தூக்கி மூஞ்சியில எறிவான். ஒவ்வொரு தடவையும் உப்பு எவ்வளவு இருக்குன்னு அளந்துட்டுக் குறையிறதை மட்டும் போடு. என்கிட்டே பழைய ஹைட்ரோமீட்டர் ஒண்ணு சும்மாக் கிடக்கு. வியாழக்கிழமை மாண்டலே பஸ்ல டிரைவர்கிட்ட கொடுத்துவிடுறேன், கண்ணாடிச் சாமான், வாங்கிறப்போ பாத்து வாங்கு.